ஓட்டறதுக்கா, காட்டறதுக்கா

பக்கவாதம் வந்த ஒன்பதாம் நாள் வெண்டல் க்ரௌஸ் வாயைத் திறந்து பேசினான். அதுவரை ஒரு "சரி", ஒரு "போ", மற்றதெல்லாம் தொண்டைக்குள்ளேயே புரண்டுகொண்டிருந்த சத்தம்.

"ஒண்ணு, ஒம்பது, கே, மூணு, ஒண்ணு, ஏழு, நாலு, ஆறு, ரெண்டு."

திக்கல் இல்லை, திணறல் இல்லை. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னான். பேச்சுப் பயிற்சி தர வந்திருந்த டானா என்ற இளம்பெண் கையில் இருந்த படஅட்டைகளைக் கீழே வைத்துவிட்டாள்.

"போன் நம்பரா அம்மா?"

"இல்ல. அவரோட என்ஜின் நம்பர்," என்றாள் ஆர்டிஸ்.

"என்ஜினா?"

"கேரேஜ்ல ஒரு பழைய செவெல் கார் வச்சிருக்கார். அறுபத்தொம்பதாம் வருஷத்து வண்டி. அதோட என்ஜின்ல அடிச்ச நம்பர் இது."

"ரொம்ப நல்ல சேதி. மனப்பாடமா இருக்கறதெல்லாம் மூளையில வேற அலமாரியில இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டே மத்ததையும் வெளியில இழுத்துடலாம்." அவள் கட்டிலருகே குனிந்து ஆர்டிஸைக் காட்டினாள். "வெண்டல், இவங்க யாரு? பேர் சொல்லுங்க பார்ப்போம்."

வெண்டல் மனைவியின் முகத்தை வெகுநேரம் பார்த்தான். உதடு கோணியது. கண்ணில் நீர் கோத்தது. அப்புறம் சொன்னான்: "ஒண்ணு, ஒம்பது, கே..."

டானா சிரித்துவிட்டாள். ஆர்டிஸும் கூடவே சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கீழே வந்து, தன் காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுரண்டச் சுரண்ட கண்ணாடியில் முகம் அளவுக்கு ஒரு வட்டம் தெளிந்தது. அந்த வட்டத்தின் வழியாகவே பார்த்துக்கொண்டு நாற்பது மைல் ஓட்டி வீடு வந்து சேர்ந்தாள்.

எங்கள் ஊரில் பிப்ரவரி மாதத்துக்கு நிறம் கிடையாது. பீன்ஸ் வயலும் சர்க்கரைக்கான பீட்ரூட் வயலும் பனிக்கடியில் ஒரே தரையாகக் கிடக்கும். சாலையில் உப்பு கொட்டுவார்கள். உப்பு பனியைத் தின்னும், அப்புறம் காரைத் தின்னும். ஐந்து குளிர்காலம் கண்ட வண்டியின் அடித்தகட்டில் விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போய்விடும். அந்தத் துருவோடு மல்லுக்கட்டுவதற்கென்றே இங்கே தெருவுக்கு இரண்டு ஆண்கள் இருந்தார்கள். வெண்டல் அதில் ஒருவன். இரும்பு வார்க்கும் ஆலையில் முப்பத்தோரு வருஷம் உலைமுன் நின்றவன். வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டு, மறுபடி இரும்பிடமே போவான்.

அந்தக் கருநீலச் செவெலை அவன் எண்பத்தெட்டில் ஒரு பீன்ஸ் விவசாயியின் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தான். என்ஜின் இல்லாத வெறும் கூடு. விவசாயியின் மகன் அதை என்றைக்கோ கழற்றி விற்றுவிட்டான். வேறொரு என்ஜினை வாங்கி வைத்திருந்தால் வண்டி அப்போதே ஓடியிருக்கும். வெண்டல் ஒத்துக்கொள்ளவில்லை. இதோடு பிறந்த என்ஜின்தான் வேண்டும் என்றான். கார் உடம்பில் இருக்கும் எண்ணும் என்ஜினில் அடித்த எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் இவர்களுக்கு அது வண்டி. இல்லாவிட்டால் ஒட்டுப்போட்டது. பதினோரு வருஷம் தேடினான். பத்திரிகைகளில் எண்ணைக் கொடுத்து விளம்பரம் போட்டான். பழைய சாமான் சந்தைகளில் முழங்காலில் உட்கார்ந்து டார்ச் அடித்து ஒவ்வொரு என்ஜினாகப் பார்த்தான். தொண்ணூற்றொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இண்டியானாவில் மண்தடத்தில் பந்தய வண்டி ஓட்டும் ஒருவன். தன் கோழிக்கொட்டகையில் கிடக்கும் என்ஜினின் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். வெண்டல் போனைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து அழுதான். ஆர்டிஸ் அவன் அழுது பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். கேரேஜில் நுழைந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்னால், ஸ்டாண்டில் நிற்கும் என்ஜின் பிளாக்கின் முன்மூலையில் வலது கட்டைவிரலை வைத்து எண்ணை முணுமுணுப்பான். தேவாலய வாசலில் சிலர் நெற்றியைத் தொட்டுக்கொள்வது மாதிரி. அப்புறம்தான் வேலை.

அடுக்களைக்கும் கேரேஜுக்கும் நடுவே ஒரு கதவு. கதவின் இந்தப் பக்கம் ஆர்டிஸ் கழித்த மாலைகளுக்குக் கணக்கில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குத் தட்டு வைத்துவிட்டு வந்து இரண்டு தட்டு வைப்பாள். "சாப்பாடு!" என்பாள். "ரெண்டு நிமிஷம்!" என்று பதில் வரும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் செய்தித்தாளின் குறுக்கெழுத்துக் கட்டத்தை முழுசாக நிரப்பி முடிப்பாள். ஸ்பானர் விழும் சத்தத்தை வைத்தே அவன் மனநிலையைச் சொல்லிவிடுவாள். இதைத்தான் பழக்கம் என்கிறார்களா, தனிமை என்கிறார்களா என்று அவள் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துப் பார்த்தால் அப்புறம் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு ஆசை இருந்தது. அந்த வண்டியில் ஏறி எங்காவது போக வேண்டும். எங்கே என்றுகூட இல்லை. பீட்ரூட் பண்ணையில் வளர்ந்தவள். பதினான்கு வயதில் அப்பாவின் லாரியைக் கிளட்ச் மிதித்துச் சர்க்கரை ஆலை வரை ஓட்டியவள். "எப்ப ஓடும்?" என்று வருஷத்துக்கு ஒரு முறை கேட்பாள். "வர்ற வருஷம்," என்பான். உடம்புத் தகடு முடிந்தது, குரோம் முடிந்தது, இருக்கை முடிந்தது. என்ஜின் மட்டும் நின்றது. எந்த லேத் பட்டறைக்காரனையும் அவன் நம்பவில்லை. நம்பின ஒரே ஆளான ஓட்டோ கிழவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வெண்டல் ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்களில் அவள் கேரேஜுக்குள் போனாள். ஹீட்டரை அணைக்கத்தான் போனாள். போனவள் அவன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சுவர் நெடுக காப்பித் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் காகித நாடா ஒட்டி அவன் கையெழுத்து: 'இடது கதவுக் கீல், மேலது.' 'இருக்கைத் திருகு, நாலு, ஒண்ணு மாத்தணும்.' 'இது எதோடதுன்னு தெரியல.' ஒவ்வொன்றாகப் படித்தாள். யாருக்கோ எழுதின கடிதங்களைத் திருட்டுத்தனமாகப் படிப்பதுபோல் இருந்தது. அடுத்த நாளும் வந்தாள். சூப்புக் கிண்ணத்தை அங்கேயே கொண்டுவந்து குடித்தாள். ஒரு வாரம் கழித்துத்தான் அந்த யோசனை வந்தது. அவன் திரும்பி வருவதற்குள் என்ஜினை முடித்து வைத்துவிட்டால் என்ன?

யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் கஸ் நோவாக், வெண்டலின் கூட்டாளி. அவன் குளிர்காலம் முழுக்க ஃபுளோரிடாவில் மகள் வீட்டில் இருப்பான். பக்கத்து வீட்டு அண்ணன் தம்பிகளைக் கூப்பிட்டுச் சங்கிலி போட்டுப் பிளாக்கைத் தூக்கி அவர்கள் டிரக்கில் ஏற்றினாள். மார்ச் மாதம், சேறும் பனியும் கலந்த பாதை. தானியக் கிடங்கைத் தாண்டி ஒரு லேத் பட்டறை. டிராக்டரும் பந்தய வண்டியும் பார்க்கிற இடம். டாரில் என்ற பையன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"அடேங்கப்பா. பெரிய பிளாக். யாரோடது அம்மா?"

"என் வீட்டுக்காரரோடது. அவர் ஆஸ்பத்திரியில. அவர் வர்றதுக்குள்ள முடிச்சாகணும்."

"நாலு சிலிண்டர்ல துரு இருக்கு. உள்ள கடைஞ்சு போர் பண்ணணும். மேல்பரப்பும் லேசாக் கோணியிருக்கும்போல." கம்பியை வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஓட்டறதுக்கா, காட்டறதுக்கா?"

ஆர்டிஸுக்கு அந்தக் கேள்வி பிடித்தது. இத்தனை வருஷத்தில் இந்த வண்டியைப் பற்றி யாரும் அவளை ஒரு கேள்வி கேட்டதில்லை.

"ஓட்டறதுக்கு," என்றாள்.

"நிஜமா?"

"நிஜமாத்தான். ஏம்ப்பா, காரு பின்ன எதுக்கு?"

"அப்படிப் போடுங்க," என்று சிரித்தான். "சும்மா துடைச்சுத் துடைச்சு வைக்கிற கிழவனுங்களைப் பார்த்து அலுத்துப்போச்சு. மேல ஒரு சீவு சீவி, கண்ணாடி மாதிரி பண்ணித் தர்றேன்."

கண்ணாடி மாதிரிதான் பண்ணித் தந்தான். ஏப்ரல் முதல் வாரம் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் சுற்றி வீடு வந்தது. அதே அண்ணன் தம்பிகளை வைத்து ஸ்டாண்டில் மாட்டினாள். அன்று சாயங்காலம் மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கலியாணமான புதிதில் புதுத் திரைச்சீலையை இப்படித்தான் போய்ப் போய்ப் பார்த்தாள்.

கஸ் திரும்பி வந்ததும் நேரே இங்கேதான் வந்தான். மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது.

"ஏம்மா ஆர்டிஸ், என்னைப் பார்த்தா வேகவச்ச நண்டு மாதிரி இருக்கா?"

"நண்டுக்கு இவ்வளவு தொப்பை கிடையாது. உள்ள வா."

"அவன் எப்படி இருக்கான்?"

"நம்பர் சொல்றான். சரி சொல்றான். போ சொல்றான். இன்னும் ரெண்டு வாரத்துல வீட்டுக்கு விட்டுடுவாங்க. கஸ், உனக்கு ஒண்ணு காட்டணும். கண்ணை மூடுன்னு சொல்ல மாட்டேன், அந்த வயசு தாண்டியாச்சு."

கதவைத் திறந்து, பிளாஸ்டிக்கை இழுத்தாள். கஸ் சீட்டியடித்தான். சுற்றி வந்தான். சிலிண்டருக்குள் விரலை விட்டுச் சுழற்றினான். "எவன் பண்ணான் இதை? அம்சமா..." என்று ஆரம்பித்தவன் முன்மூலைக்கு வந்ததும் நின்றான். சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தான். குனிந்தான். நிமிரவே இல்லை.

"என்ன கஸ்?"

"ஆர்டிஸ்." அவன் குரலிலிருந்த ஃபுளோரிடா வெயில் போய்விட்டது. "நம்பர் இல்ல."

"எது?"

"இங்க பாரு. இந்த ஓரத்துல விரல் அகலத்துக்கு ஒரு திட்டு. இதுலதான் ஆலையில நம்பர் அடிப்பான். இது மேல்பரப்போட ஒரே மட்டம். மேல சீவினா இதுவும் சேர்ந்து சீவிப்போயிடும். பந்தயக்காரன் கவலைப்பட மாட்டான். எங்க ஆளுங்க ஓரத்துல தொடாதேன்னு அதுமேல சிவப்பு நாடாவே ஒட்டி அனுப்புவாங்க." அவன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்தான். "அந்தப் பய உன்னை ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டான்."

"என்ன கேட்டான்?"

அவள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள். இரும்பு சில்லென்று இருந்தது. பதினோரு வருஷத் தேடலும் அந்த ஒரு போன் அழைப்பும் விரல் அகலத்துக்கு ஒரு திட்டில் இருந்திருக்கின்றன. பட்டறைத் தரையில் இரும்புத் துகளாக விழுந்து, துடைப்பத்தால் கூட்டி வாரப்பட்டுப் போய்விட்டன.

"திரும்ப ஒட்ட முடியாதா?"

கேட்டவுடன் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று அவளுக்கே தெரிந்தது. கஸ் சிரிக்கவில்லை. அன்று போய்விட்டான். மறுநாள் ஒரு புகையிலை டப்பாவோடு வந்தான். அதற்குள் நம்பர் பஞ்ச். எஃகு அச்சுகள், பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை, எழுத்துக்களும்.

"பழைய ஆலை எழுத்து. அச்சு அசல். சுத்தியால ஒம்பது அடி. யாருக்கும் தெரியாது."

"நீ இதைச் சொல்றியா? பொய் நம்பர் அடிச்சான்னுதானே அந்த பாப் ரிங்கிளைக் கார்ச் சங்கத்தை விட்டே துரத்தினே."

"துரத்தினேன். மறுபடியும் அவன் வந்தா மறுபடியும் துரத்துவேன்." கஸ் டப்பாவை மேஜைமேல் வைத்தான். "ஆனா அது வெண்டல் இல்ல. நான் அடிக்க மாட்டேன் ஆர்டிஸ், என் கை வராது. நீ அடிச்சா நான் பார்க்கல."

பத்து நாள் அந்த டப்பா சர்க்கரை ஜாடிக்குப் பின்னால் இருந்தது. பழைய பிரேக் டிரம் ஒன்றில் அடித்துப் பழகினாள். ஒன்பது கோணலாக விழுந்தது. ஏழு பள்ளமாக விழுந்தது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு நன்றாகவே வந்தது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பிளாக்கின் முன்னால் போய் அச்சைத் திட்டின்மேல் நிறுத்திச் சுத்தியலை ஓங்கினாள். ஒருவேளை அவன் நம்பிவிட்டால்? மீதி நாள் முழுக்க தினமும் காலையில் வந்து அவளுடைய பொய்யின்மேல் கட்டைவிரலை வைப்பான். அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை நாள் இருந்த தனிமை அதன் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை. சுத்தியலைக் கீழே வைத்தாள்.

வெண்டல் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் வெயில் அடித்தது. கூரையிலிருந்து பனி சொட்டியது. சாய்வு நாற்காலியில் இருந்தவன் இடது கையால் கேரேஜ் கதவைக் காட்டினான். அவள் வாக்கரை முன்னால் வைத்தாள். படியில் பலகை சாய்த்து வைத்திருந்தாள். அவன் வலது காலை இழுத்து இழுத்து வந்தான்.

விளக்கைப் போட அவள் கையை நீட்டியபோது, "ம்ம்," என்று தடுத்தான். முதலில் விரல். அப்புறம்தான் விளக்கு.

வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. வாக்கரில் இடுப்பைச் சாய்த்து இடது கட்டைவிரலைக் கொண்டுபோனான். புதுச் சிலிண்டரையெல்லாம் பார்க்கவே இல்லை. "ஒண்ணு, ஒம்பது, கே..." விரல் நின்றது. ஓரம் வரை போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. வாய் நின்றுவிட்டது.

"நான்தான் வெண்டல்," என்றாள் ஆர்டிஸ்.

அவன் திரும்பினான்.

"லேத்துக்குக் கொண்டுபோனேன். அந்தப் பையன் ஓட்டறதுக்கா, காட்டறதுக்கான்னு கேட்டான். ஓட்டறதுக்குன்னு சொல்லிட்டேன். சீவிட்டான். நம்பர் அங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது." மூச்சு விட்டாள். "தெரியாதுங்கறதும் முழுசா நிஜம் இல்ல. பதிமூணு வருஷமா நீ அங்கதான் விரல் வைப்பே. நான் கதவுகிட்ட நின்னு பார்த்திருக்கேன். ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். யோசிக்கல. எனக்கு அதுல ஏறிப் போகணும்னு இருந்தது. அதான்."

அவன் கத்த வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். டப்பாக்களைத் தட்டிவிட்டாலும் பரவாயில்லை. அவள் பேசினதுக்கு அவனிடமிருந்து ஒரு பதில் வந்தால் போதும். வெண்டலின் கழுத்து நரம்பு புடைத்தது. என்னென்னவோ வார்த்தைகள் வந்து பல்லுக்குப் பின்னால் முட்டி நின்றன. அவனிடம் இருந்ததில் ஒன்றுதான் வெளியே வந்தது.

"போ."

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வெள்ளை பீன்ஸ் சூப்பை அடுப்பில் வைத்தாள். கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஸ்பானர் விழவில்லை. ரேடியோ இல்லை. அவன் அங்கே இருந்தும் கதவின் இந்தப் பக்கம் ஒன்றும் காதில் விழாமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அவன் எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டான். டானா வாரம் இருமுறை வீட்டுக்கு வந்தாள். "என்ன வெண்டல், நம்ம நம்பர்லேர்ந்து தொடங்கலாமா?" என்பாள். அவன் ஜன்னலைப் பார்ப்பான். "முன்னாடி சரளமா வந்ததே, எங்க போச்சு?" என்று அவள் ஆர்டிஸைப் பார்ப்பாள். ஆர்டிஸ் காப்பி ஊற்றப் போய்விடுவாள். அவனிடம் மிச்சமிருந்ததே அந்த ஒன்பது சொல்தான். அதையும் சேர்த்துச் சீவிவிட்டேன் என்று யாரிடம் சொல்வது?

மே மாதம் ஒரு காலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேரேஜிலிருந்து இரும்பில் இரும்பு தட்டும் சத்தம். டங். டங். டங். விழுந்துவிட்டானோ என்று ஓடினாள். முக்காலியில் உட்கார்ந்திருந்தான். இடது கையில் அரை இஞ்ச் ஸ்பானர். அதால் பிளாக்கைத் தட்டிவிட்டு, சுவரோரம் எண்ணெய்த்துணி சுற்றிக் கிடந்த கிராங்க் ஷாஃப்டைக் காட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதையா? இப்பவா?"

டங்.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. மூன்று என்றால் மூளை இருக்கா உனக்கு. சனிக்கிழமைகளில் கஸ் வந்து கனமானதைத் தூக்குவான். முதல் சனிக்கிழமையே ஆர்டிஸ் அந்தப் புகையிலை டப்பாவை அவன் கையில் கொடுத்தாள். அவன் ஒன்றும் கேட்காமல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவன் முகம் தெளிந்ததை அவள் பார்த்தாள்.

"இறுக்கு, இன்னும் கொஞ்சம்," என்பான் கஸ்.

டங் டங்.

"போதுமாம். முதலாளி சொல்றார். ஏண்டா வெண்டல், எனக்கு நாப்பது வருஷ அனுபவம்டா."

டங் டங் டங்.

"பாத்தியா ஆர்டிஸ், வாய் போனாலும் கொழுப்பு போகல. கலியாணமாகி முப்பத்தாறு வருஷம் ஆச்சு, இப்பத்தான் நீங்க ரெண்டு பேரும் ஒரே அறையில இருக்கீங்க."

கஸ் விளையாட்டாகத்தான் சொன்னான். வெண்டல் டப்பாவைத் துழாவினான். ஆர்டிஸ் கையில் இருந்த போல்ட்டைத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்ததுதான். ஒரே அறைதான். ஆனால் அவன் தட்டுவது போல்ட்டுக்காக, ஹெட்டுக்காக, கேஸ்கெட்டுக்காக. அவளுக்காக ஒரு தட்டும் இல்லை. இரவு சாப்பாட்டு மேஜையில் ஸ்பானர் இருக்காது. கரண்டிச் சத்தம் மட்டும். சில நாட்களில் அவள் பாத்திரம் தேய்க்கும்போது உதடு தானாக அசைவதைக் கவனித்தாள். மூணு, ஒண்ணு, ஏழு. அத்தனை வருஷம் அவளுக்குப் பிடிக்காத எண். இப்போது உலகத்தில் அதைச் சொல்கிற வாய் அவளுடையது மட்டும்தான்.

ஜூலைக் கடைசியில் என்ஜின் உள்ளே இறங்கியது. முதல் தடவை இருமியது, இரண்டாம் தடவை புகைந்தது, மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. ஜன்னல்கள் அதிர்ந்தன. தெருவில் நாய்கள் குரைத்தன. வெண்டல் இடது உள்ளங்கையை முன்மூடியின்மேல் வைத்து, கண்ணை மூடி வெகுநேரம் நின்றான்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் பழைய கார்கள் கூடும். இருபத்து நான்கு வருஷமாக வெண்டல் தன் வண்டி இல்லாமல், மடக்கு நாற்காலியோடு மட்டும் போய்வந்த இடம். கொட்டகைக்குள் எண் பொருந்தும் வண்டிகள் நிற்கும். நடுவர்கள் கண்ணாடியும் டார்ச்சுமாகக் குனிந்து பார்ப்பார்கள். அங்கே தன் வண்டியை நிறுத்த வேண்டும் என்பதுதான் அவன் இத்தனை நாள் துடைத்ததற்கெல்லாம் காரணம். போக வேண்டாம் என்பான் என்று ஆர்டிஸ் நினைத்தாள். காலையில் எழுந்தபோது அவன் சுத்தமான சட்டையில் வலது கையை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தான்.

அவள்தான் ஓட்டினாள். கிளட்ச் கல்லாக இருந்தது. முதல் கியரில் ஒரு குலுக்கு, இரண்டாவதில் ஒரு குலுக்கு. தெருமுனையில் கால் பழைய லாரியை நினைவுபடுத்திக்கொண்டது. வெண்டல் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தான், மடியில் ஸ்பானர். சந்தைத் திடல் வாசலில் வரிசை நின்றது. முன்னால் பத்துப் பன்னிரண்டு வண்டி. வெயில், பொரித்த வெங்காய வாசனை, சூடான எண்ணெய். நடுவர் குனியும்போது என்ன சொல்வது என்று நேற்றே யோசித்து வைத்திருந்தாள். நான்தான் அழித்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது.

ஆரஞ்சுச் சட்டை போட்ட பெண் ஒருத்தி ஜன்னலில் குனிந்தாள்.

"அட, என்ன அழகா இருக்கு! ஓட்டற வண்டியா அம்மா, காட்டற வண்டியா? காட்டறதுன்னா இடப்பக்கம் கொட்டகை. ஓட்டறதுன்னா வலப்பக்கம் புல்லுல போட்டுக்கோங்க."

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். என்ஜின் அதிர்ந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"ஓட்ட," என்றான் வெண்டல்.

கரகரத்த, பாதி உடைந்த குரல். நேராக முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் பக்கம் திரும்பவில்லை. அது மன்னிப்பா, அவள் செய்ததை அவன் எடுத்துவைத்துப் படிக்கிற தீர்ப்பா, அல்லது கேட்டதற்கு வெறும் பதிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. இனிமேலும் தெரியாது. கேட்டால் ஒரு தட்டோ இரண்டு தட்டோதான் வரும்.

"வலப்பக்கம், அப்படியே போங்க," என்றாள் அந்தப் பெண்.

வலப்பக்கம் புல்வெளி. கார்கள் வரிசையாக மூக்கை நீட்டி நின்றன. கஸ் தூரத்தில் தொப்பியை ஆட்டினான். ஆர்டிஸ் வலப்பக்கம் திருப்பினாள், ஆனால் புல்லில் இறங்கவில்லை. ஓரமாகவே போய், பின்வாசல் வழியாக வெளியே வந்து பெரிய சாலையில் ஏறினாள்.

வெண்டல் ஸ்பானரை எடுக்கவில்லை.

மூன்றாம் கியர். நான்காவது. சர்க்கரை ஆலையின் புகைபோக்கி பின்னால் போனது. இரண்டு பக்கமும் பீன்ஸ் வயல், மைல் கணக்கில், ஒரே பச்சை. காற்று ஜன்னல் வழியாக அறைந்தது. எங்கே போகிறோம் என்று அவளுக்கும் தெரியாது. எந்த நாளும் அவள் அதை யோசித்து வைத்ததில்லை.

"ஒண்ணு, ஒம்பது, கே," என்றாள். என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "மூணு, ஒண்ணு, ஏழு."

நிறுத்தினாள். ஒரு களஞ்சியம் கடந்தது. ஒரு தபால் பெட்டி. அவன் உதடு ஒட்டியே இருந்தது. இன்னொரு களஞ்சியம்.

"நாலு, ஆறு, ரெண்டு," என்று அவளே முடித்தாள்.

கொஞ்ச தூரம் போனபிறகு ஸ்பானர் முன்பலகையில் ஒரு தடவை தட்டியது.